கணித்தவர்களும் கண்டவரும்

வானியல் வரலாற்றை எழுதுவோர் கியோம் லெ ஜான்தீ என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்ல நேரும்போதெல்லாம் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் அரிய காட்சியைக் காண்பதற்காக அவர் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் கடலிலும் கரையிலும் அலைந்தார். கிடைத்த இரண்டு வாய்ப்புகளையும் இழந்தார். ஊர் திரும்பியபோது அவரை இறந்தவராகக் கருதி உறவினர்கள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள். இப்படியாக, வானியலாளர்களுள் மிகப் பெரிய துரதிர்ஷ்டசாலி என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது.

கதை பொய்யன்று. ஆயினும் அதைச் சொல்லும் அவசரத்தில் இரண்டு செய்திகள் விடுபட்டுப்போகின்றன. ஒன்று, வெள்ளியைத் தேடிப் புறப்படுவதற்கு முன்பே அவர் நெபுலாக்களைத் தேடிக் கண்டவர். இரண்டு, அவருடைய தோல்வி நிகழ்ந்த இடம் புதுச்சேரி. அங்கே அவர் தமிழ்க் கணிதர்களைச் சந்தித்தார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நம்முடைய அறிவு மரபைப் பற்றிய ஒரு கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்காகவே இக்கட்டுரை.

நெபுலா என்பது இலத்தீன் சொல். மூடுபனி, முகில் என்று அதற்குப் பொருள். விண்முகில் என்று தமிழிலும் பெயர்த்திருக்கிறார்கள். விண்மீன் என்றால் புள்ளி. கோள் என்றால் நகரும் புள்ளி. இவ்விரண்டிலும் அடங்காமல், வானில் ஓரிடத்தில் மங்கலாகப் படிந்து கிடக்கும் வெண்மையைத்தான் முன்னோர் முகில் என்றார்கள். பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 964ஆம் ஆண்டளவில் எழுதிய விண்மீன் நூலில், ஆந்திரமேதா கூட்டத்தில் தெரியும் ஒரு சிறு முகிலைக் குறித்திருக்கிறார். 1610இல் பெரெஸ்க் என்ற பிரெஞ்சு அறிஞர் ஓரியன் கூட்டத்தின் நெபுலாவைத் தொலைநோக்கியில் கண்டு பதிவு செய்தார். அதே ஆண்டில் ஓரியனைத் தொலைநோக்கி வழியாக ஆராய்ந்து, வெறுங்கண்ணுக்குத் தெரியாத விண்மீன்கள் பலவற்றை வரைந்து வெளியிட்ட கலிலியோ இந்த நெபுலாவைக் குறிப்பிடவே இல்லை என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. பார்வை அந்தப் பக்கம் போவது வேறு, பார்த்ததைப் பதிவு செய்வது வேறு.

லெ ஜான்தீ 1725இல் நார்மண்டியில் உள்ள கூத்தான்ஸ் நகரில் பிறந்தவர். பாதிரியாராவதற்குப் பாரிஸுக்குப் படிக்கப் போனவர், வானியல் பேருரைகளைக் கேட்டு மனம் மாறிப் பாரிஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். 1747இல், இன்று லகூன் நெபுலா என்று வழங்கப்படுவதைத் தனுசுக் கூட்டத்தில் கண்டார். அவருக்கு முன்பே வேறு சிலரும் அதைக் கண்டிருந்தார்கள். ஆனால் 1749 அக்டோபர் 29 அன்று அவர் கண்டது புதியது. அல்-சூஃபியின் சிறு முகிலுக்கு அருகிலேயே அதைவிடச் சிறிய இன்னொரு முகில் இருப்பதை அவர்தான் முதலில் கண்டார். அன்னம் கூட்டத்தின் பக்கம் விண்மீன்களே இல்லாததுபோல் தோன்றும் ஓர் இருண்ட பரப்பையும் அவர் குறித்துவைத்தார். அது இன்றும் 'லெ ஜான்தீ 3' என்றே அழைக்கப்படுகிறது. வால்மீன் தேடுவோர் ஏமாறக் கூடாதே என்று சார்ல் மெஸ்ஸியே தம் புகழ்பெற்ற நெபுலாப் பட்டியலின் முதற்பகுதியை வெளியிட்டது 1774இல். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே நெபுலாக்களை அவற்றுக்காகவே பார்த்தவர் லெ ஜான்தீ.

அப்படிப்பட்டவர் நம் கடற்கரைக்கு வந்த காரணம் வேறு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வெள்ளி குறுக்கிட்டு, சூரிய வட்டின்மீது ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து செல்வதை இடைநகர்வு என்கிறோம். எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தபின் நூறாண்டுகளுக்கும் மேலாக நிகழாது. பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து அதன் நேரத்தை அளந்து ஒப்பிட்டால் சூரியனின் தொலைவைக் கணக்கிட முடியும் என்று 1716இல் எட்மண்ட் ஹாலி எழுதியிருந்தார். 1761, 1769 ஆகிய ஆண்டுகளில் அது நிகழவிருந்தது. பிரெஞ்சு அறிவியல் கழகம் லெ ஜான்தீயைப் புதுச்சேரிக்கு அனுப்ப முடிவு செய்தது.

1760 மார்ச்சில் பிரான்சை விட்டுப் புறப்பட்டு ஜூலையில் மொரீஷியஸ் சேர்ந்தார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. மலபார்க் கரையை நெருங்கியபோதுதான், புதுச்சேரி ஜனவரியிலேயே ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்ட செய்தி எட்டியது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று வானம் தெளிவாகவே இருந்தது. வெள்ளியையும் அவர் பார்த்தார். ஆனால் ஆடும் கப்பல் தளத்தில் ஊசல் கடிகாரம் ஓடாது. நேரத்தைத் துல்லியமாக அளக்க முடியாத பார்வையால் கணக்குக்குப் பயனில்லை.

எட்டாண்டுகள் காத்திருப்பதென்று முடிவு செய்தார். மடகாஸ்கர் உள்ளிட்ட தீவுகளை ஆராய்ந்தார், மணிலாவுக்குப் போனார், அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் ஐயப்பட்டதாலும் கழகம் புதுச்சேரியையே விரும்பியதாலும், 1768 மார்ச் 27 அன்று புதுச்சேரி வந்திறங்கினார். நகரம் இதற்குள் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியிருந்தது. கோட்டையோ இடிபாடாகக் கிடந்தது. அந்த இடிபாட்டின் மேலேயே அவருக்கு ஒரு வானாய்வகம் அமைத்துக் கொடுத்தார் ஆளுநர் லா தெ லொரிஸ்தோன். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள், பழைய பகையைப் பாராட்டாமல், ஒரு நல்ல தொலைநோக்கியைக் கடனாக அனுப்பிவைத்தார்கள்.

புதுச்சேரியின் சனவரி, பிப்ரவரி மாத இரவுகளின் அழகை, பார்த்தவரன்றிப் பிறர் கற்பனை செய்யவும் இயலாது என்ற கருத்துப்பட லெ ஜான்தீ எழுதியிருக்கிறார். இதை வெறும் பயணியின் வியப்பாக நாம் கொள்ள வேண்டியதில்லை. அவர் வாழ்ந்த இடத்தின் அட்சரேகையே அதற்குச் சான்று. அவர் இளமையில் கண்ட லகூன் நெபுலா பாரிஸில் அதிகபட்சம் 17 பாகை உயரத்துக்குத்தான் எழும். அடிவானத்துப் புகையிலும் ஈரத்திலும் மங்கித் தெரியும். புதுச்சேரியில் அதே நெபுலா 54 பாகை உயரத்தில் நிற்கும். பாரிஸ் வானில் ஒருபோதும் உதிக்காத தென்திசை விண்மீன்கள் பலவும் இங்கே எழுந்து மறையும். நெபுலாக்களைப் பார்த்துப் பழகிய ஒரு கண்ணுக்கு இதைவிடப் பெரிய பரிசு இருந்திருக்க முடியாது.

1769 ஜூன் 4 காலை. சூரியன் எழும்போதே வெள்ளி அதன்மீது இருக்கும். அது வெளியேறும் கட்டத்தை அளக்க வேண்டும். அதற்கு முந்தைய பல நாட்கள் காலை வேளைகள் தெளிவாகவே இருந்தன. அன்று விடியலில் மேகம் திரண்டது. இடைநகர்வு முடியும்வரை அது விலகவில்லை. முடிந்தபின் சூரியன் வெளிவந்து நாள் முழுதும் ஒளிர்ந்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் வானம் தெளிவாக இருந்ததாகப் பின்னர் செய்தி வந்தது. இரண்டு வாரங்களுக்குமேல் அவரால் பேனாவைக் கையில் எடுக்க முடியவில்லை. விண்ணின் முகில்களைக் கண்டு பெயர்பெற்றவரை மண்ணின் முகில் ஒன்று தோற்கடித்தது என்று கதை சொல்வோர் இங்கே முடித்துக்கொள்வார்கள்.

நாம் இங்கேதான் தொடங்க வேண்டும். புதுச்சேரியில் அவர் இருந்த ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருப்பில் மட்டும் கழியவில்லை. நகரத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அளந்தார். அடிவானத்துக்கு அருகே ஒளி வளைவதை ஆராய்ந்தார். பின்னாளில் அகழாய்வால் உலகறிந்த அரிக்கமேட்டை ஒட்டிய வீராம்பட்டினப் பகுதியில் இருந்த பழஞ்சிலை ஒன்றையும் கவனித்து எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிதர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார்.

அவர் கண்டது அவரைத் திகைக்க வைத்தது. பேனா இல்லை, காகிதம் இல்லை. கணிதர் தரையில் அமர்ந்து சோழிகளை வரிசையாக வைக்கிறார், நகர்த்துகிறார், எடுக்கிறார், மனப்பாடமாக வைத்திருக்கும் வாக்கியங்களிலிருந்து எண்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கிரகணம் தொடங்கும் நேரமும் விடும் நேரமும் இறுதியில் கிடைத்துவிடுகின்றன. எழுத்தெண் முறையில் அமைந்த இந்தச் சொற்றொடர்களால்தான் அம்முறைக்கு வாக்கியம் என்ற பெயர். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தை வைத்து லெ ஜான்தீ சோதித்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைவாகக் காட்டியது; அன்று ஐரோப்பாவில் மிகச் சிறந்ததென மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 நொடி கூடுதலாகக் காட்டியது. இதை அவர் மறைக்கவில்லை. 1779, 1781 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட தம் இந்தியக் கடற்பயண நூலில், தமிழரின் வானியலுக்கென விரிவாக இடம் கொடுத்தார். நம்முடைய சோழிக் கணக்கு ஐரோப்பிய அறிஞர்களின் பேச்சில் இடம்பெற்றது இந்தத் தோல்வியடைந்த பயணத்தால்தான்.

இந்த 41 நொடியை எடுத்துக்கொண்டு மார்தட்டுவது எளிது. அதைச் செய்வதற்கு முன்பு இன்னொரு சான்றையும் பார்த்துவிடுவது நேர்மை. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825இல் 'காலசங்கலிதம்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். அவரும் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைக் கண்டார். அவர் சோழிகளை வைத்து, அவ்வாண்டு மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. அக்கணிதருக்குத் தாம் செய்யும் கணக்கின் கோட்பாடு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்றும், நினைவாற்றல் மட்டும் வியப்புக்குரியதாக இருந்தது என்றும் வாரன் குறித்தார். பழங்கால அறிவியல் வரலாற்றின் பேரறிஞரான ஓட்டோ நாய்கெபாவர் இருபதாம் நூற்றாண்டில் இந்தச் செய்தியை மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது, பிழையின் அளவை அவர் பொருட்படுத்தவில்லை. பாபிலோனியாவரை நீளும் ஒரு கணித மரபின் தொடர்ச்சி 1825இலும் புதுச்சேரியில் உயிரோடு இருந்ததே அவரை ஈர்த்தது.

ஆக, ஒரே மரபு ஒரு கிரகணத்தில் நொடிக் கணக்கில் நெருங்கி வருகிறது. இன்னொன்றில் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக விலகுகிறது. இதில் வியப்பில்லை. மனப்பாடம் மூலவாய்பாட்டைக் காப்பாற்றும். அதிலுள்ள பிழையையும் சேர்த்தே காப்பாற்றும். பிழையைத் திருத்த வேண்டுமானால் கணித்த இரவில் வெளியே வந்து வானத்தைப் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதிவைக்கவும் வேண்டும்.

நம் மொழியில் வானநூல் வல்லவனுக்குக் கணி, கணியன் என்று பெயர். சொல்லே அவன் தொழிலைச் சொல்லிவிடுகிறது: கணிப்பவன். புறநானூற்றின் 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிறும் காற்றும் இயங்கும் வகையை நேரில் போய் அளந்தவர்களைப் போலச் சொல்லவல்ல கல்வியாளர்கள் இருப்பதைக் குறிப்பிடுகிறார். போகாமலே சொல்லும் அந்த ஆற்றலை நம் மரபு உயர்வாகவே மதித்தது. கணிப்புக்கு உதவுவது எது? திரும்பத் திரும்ப வருவது: நிலவு, ஞாயிறு, கோள்கள், இருபத்தேழு நாண்மீன்கள். நெபுலா எதையும் முன்னறிவிப்பதில்லை. அதற்கு உதயத்தால் ஒரு விழாவும் இல்லை, மறைவால் ஒரு விலக்கும் இல்லை. அது சும்மா இருக்கிறது. பார்ப்பதற்காக மட்டுமே பார்க்கிற ஒருவனுக்குத்தான் அது அகப்படும். மிருகசீரிடத்தையும் திருவாதிரையையும் நாள்தோறும் பஞ்சாங்கத்தில் எழுதிய நம் கணிதர்கள், அவ்விரண்டுக்கும் சற்றுத் தெற்கே வெறுங்கண்ணுக்கே தெரியும் முகிலுக்கு அதில் இடம் தராததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அவர்களைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. கலிலியோவும் அதை எழுதவில்லை.

பார்க்கும் மரபு இந்நிலத்தில் இல்லவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. கேரளத்தில் பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணக்கைத் திருத்தி, 1431இல் 'திருக்கணிதம்' என்ற முறையை வகுத்தார். இந்தத் 'திரு' நம் மங்கலச் சொல்லான திரு அன்று. பார்வை என்று பொருள்படும் 'த்ருக்' என்ற வடசொல் அது. திருக்கணிதம் என்றால் பார்வையோடு ஒத்துவரும் கணிதம். வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று இன்றும் நம் வீடுகளில் நடக்கும் வழக்கு, உண்மையில் நினைவுக்கும் பார்வைக்கும் இடையிலான பழைய வழக்குதான்.

லெ ஜான்தீ 1770 மார்ச்சில் நோயோடு புதுச்சேரியை நீங்கினார். 1792இல் பாரிஸில் இறந்தார். அதே 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. அதன் கருங்கல் தூணில், ஆசியாவில் கணித அறிவியலை முதன்முதலாக நட்டது ஆங்கிலேயரின் கொடையே என்னும் கருத்து தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறிக்கப்பட்டது. சோழிக் கணக்கைப் பற்றிய பிரெஞ்சு நூல் வெளிவந்து அப்போது பத்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

அந்தச் சென்னையிலிருந்து பின்னர் நெபுலாக்களும் பார்க்கப்பட்டன. மாநிலக் கல்லூரியின் முதல் முதல்வராக இருந்த ஏர் பர்ட்டன் பவல், கற்பித்த நேரம் போக மீதி இரவுகளில் தென்வானை ஆராய்ந்தவர். ஈட்டா ஆர்கஸ் என்று அன்று வழங்கிய விண்மீனைச் சூழ்ந்த பெரும் நெபுலாவைப் பற்றி 1864இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் இதழில் எழுதினார். அந்த நெபுலா உருமாறுகிறதா என்பது அன்றைய பெரிய விவாதம். அதே 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ், ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அது விண்மீன் திரளன்று, ஒளிரும் வாயு என்று கண்டார். 1868இல் லெப்டினென்ட் ஜான் ஹெர்ஷல் பெங்களூரிலிருந்து தென்வான நெபுலாக்களின் நிறமாலைகளை ஆராய்ந்தார். லெ ஜான்தீ 1749இல் கண்ட சிறு முகிலின் உண்மை தெரிய இன்னும் காலமாயிற்று. 1920களில் ஹப்பிள், ஆந்திரமேதா முகில் நம் பால்வழிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் மண்டலம் என நிறுவினார். லெ ஜான்தீயின் முகில் அதன் துணை மண்டலம். சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவு. தாம் பார்த்தது இன்னதென்று அறியாமலே அவர் அதை உண்மையாகப் பதிவு செய்திருந்தார்.

பார்வையும் கணிப்பும் ஒரே மனிதரிடம் கூடியதற்கு நமக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பஞ்சாங்கக் கணிதர் மரபில் வந்து சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் தென்வானில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். வானாய்வக அளவைகளைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டுப் பழைய கணக்கைத் திருத்தப் போராடினார். 1874 டிசம்பரில் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடக்கவிருந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறு நூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் எழுதினார். லெ ஜான்தீ நம் கரையில் தவறவிட்ட வெள்ளி, இப்படி நூற்றைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு பஞ்சாங்கக் குடும்பத்தவரின் எழுத்தில் திரும்பி வந்தது.

இன்று எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, கொடைக்கானல் மலையில், 1899 முதல் சூரியனை நோக்கும் வானாய்வகம் இருக்கிறது. நெபுலாவுக்கு மலையும் வேண்டியதில்லை. வேடசந்தூரின் நூற்பாலை விளக்குகளை விட்டு, குடகனாற்றுப் பக்கத்துப் புஞ்சைக் காடுகளுக்குள் சற்றுத் தள்ளிப் போனால் போதும். தை, மாசி மாதங்களில் நிலவில்லா முன்னிரவில் அண்ணாந்து பாருங்கள். செந்நிறத் திருவாதிரைக்கும் வெண்ணிற ரிகலுக்கும் இடையே மூன்று மீன்கள் ஒரே கோட்டில் நிற்கும். அவற்றுக்குத் தெற்கே தொங்கும் மங்கலான சிறு வரிசையின் நடுப்புள்ளி, புள்ளியாக நில்லாமல் கசிந்து தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவில் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம். இங்கே அது 74 பாகை உயரம்வரை ஏறும். சாதாரண இருகண்ணோக்கி இருந்தால் சாம்பல் படர்ந்ததுபோல் விரியும். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடமாவது தர வேண்டும். நேர்ப்பார்வையில் பார்ப்பதைவிடக் கடைக்கண்ணால் பார்ப்பது நல்லது. மங்கல் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரங்களில்தான் இருக்கின்றன. பங்குனி, சித்திரையில் தெற்கு அடிவானத்துக்கு மேல் 20 பாகையில் பவல் ஆராய்ந்த நெபுலாவும் தெரியும்.

வாய்பாட்டையும் நூற்பாவையும் ஒப்பிக்கப் பழக்குவதில் நம் வகுப்பறைகள் இன்றும் தேர்ந்தவை. 1825இன் கணிதரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு தமிழாசிரியனாக எனக்குச் சற்று உறுத்துகிறது. பொருளறியாமல் காப்பாற்றப்பட்டாலும் அவர் நினைவில் இருந்தது பெருஞ்செல்வம்தான். அதை இழக்க நான் ஒப்ப மாட்டேன். ஆனால் அதைச் சரிபார்க்க ஓர் இரவும் ஒரு திறந்தவெளியும் போதுமாக இருந்தன. அவை இரண்டும் நம் மாணவர்களுக்கு இன்னும் இலவசமாகவே கிடைக்கின்றன.